தே தாரிக் ஏன் ஆறுகிறது? பிள்ளைகளோடு வெப்பச் சோதனை செய்யப் போகும் புதியவர்களுக்கு

மலேசியாவில், சிலிம் ரிவர் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டுவது பெரிய வேலையில்லை. ஐஸ் கட்டியும் சுடுதண்ணியும் இருக்கிறது என்று ஒருத்தன் காதில் போட்டால் போதும், தாமான் (குடியிருப்பு) முழுக்கச் செய்தி போய்விடும். வந்து உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நாம் முழிக்கிறோம். ஆண்டு 5, ஆண்டு 6, படிவம் 1 பிள்ளைகளோடு சில வருடங்களாக வெப்பச் சோதனைகள் செய்து, பாதி நாள் சொதப்பிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் புது ஆசிரியராக இருக்கலாம், டியூஷன் எடுப்பவராக இருக்கலாம், பள்ளி விடுமுறையில் இரண்டு வாண்டுகளைச் சமாளிக்கும் பெற்றோராகவும் இருக்கலாம். பட்டம் எதுவும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு பார்க்கும் பொறுமை வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சோதனையை நாமே திட்டமிட்டுப் பிள்ளைகளைச் செய்யச் சொன்னால் அது சமையல் குறிப்புதான். கறி வரும், சமையல் வராது. திட்டத்தைப் பிள்ளைகள் போட வேண்டும். அதில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அவர்களே கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் 'சூடு'

நம் பேச்சில் சூடு என்ற ஒரே சொல் எல்லா வேலையும் பார்க்கிறது. தே சூடு, காய்ச்சலில் உடம்பு சூடு, பலாப்பழம் சூடு, கம்பளி சூடு கொடுக்கும். பாடநூல் இதை வெப்பம், வெப்பநிலை என்று இரண்டாகப் பிரிக்கும்போது பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். மனசுக்குள் இரண்டும் அதே சூடாகத்தான் இருக்கும்.

இதற்கு விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு சின்ன கிளாசில் 60 பாகை செல்சியஸ் தண்ணீர் 100 மில்லிலிட்டர், ஒரு வாளியில் 40 பாகை தண்ணீர் 1 லிட்டர் எடுத்து வையுங்கள். கிளாஸ் தண்ணீரைத் தொட விடாதீர்கள். எது அதிக ஐஸைக் கரைக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் கிளாசுக்குத்தான் கை தூக்குவார்கள், அதுதானே அதிகச் சூடு! ஒரு கிராம் ஐஸ் கரைவதற்கு, ஒரு கிராம் தண்ணீர் 80 பாகை இறங்கினால் வெளிவரும் அளவு வெப்பம் வேண்டும். அந்தக் கணக்குப்படி கிளாஸ் தண்ணீர் முழுக்க ஆறிப் போனாலும் கரைக்கக்கூடியது 75 கிராம் ஐஸ். வாளியோ அரைக் கிலோ கரைக்கும். கணக்கை அப்புறம் காட்டலாம். முதலில் கிளாசுக்குள் ஐஸ் கரையாமல் மிதப்பதையும் வாளி இன்னும் இன்னும் என்று விழுங்குவதையும் அவர்கள் பார்க்கட்டும்.

கம்பளி விஷயத்துக்கும் ஒரு சின்ன சோதனை உண்டு. ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு எடுத்து, ஒன்றைத் தட்டில் அப்படியே வையுங்கள். இன்னொன்றைக் காய்ந்த துண்டில் நன்றாகச் சுற்றி வையுங்கள். துண்டு சூடு கொடுக்கும், அதனால் சுற்றிய ஐஸ்தான் சீக்கிரம் கரையும் என்று பல பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். அரை மணி நேரம் கழித்துப் பிரித்தால் சுற்றியதுதான் பெரிதாக இருக்கும். அந்தக் காலத்தில் ஐஸ் பாளத்தை மரத்தூள் போட்டுச் சாக்கில் மூடி வைத்தது ஏன் என்று வீட்டில் தாத்தாவைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

சாமான்கள், பாதுகாப்பு

பெரிய பட்டியல் இல்லை. ஒரே மாதிரி குவளைகள் ஆறு, அளவுக் கோப்பை ஒன்று, கைப்பேசிக் கடிகாரம், ஐஸ், மைலோ டின் இரண்டு, பழைய துண்டு, பேசின். கொஞ்சம் கவனம் வேண்டியது வெப்பமானியில்தான்.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். அது சுமார் 35-லிருந்து 42 பாகை வரைக்கும்தான். சுடுதண்ணியில் விட்டால் கண்ணாடி வகை உடைந்தே போகலாம், பழையதாக இருந்தால் உள்ளே பாதரசம் வேறு. கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியும் உதவாது. அது தோலுக்கென்று அமைக்கப்பட்டது, பளபளக்கும் டின்னைச் சுட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். சிவப்புத் திரவம் உள்ள பள்ளி வெப்பமானி, இல்லையென்றால் சமையலறையில் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் கம்பி வகை, இரண்டில் ஒன்று போதும்.

வாங்கியதும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் விட்டுப் பாருங்கள். உடைத்த ஐஸை நிறையப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் 0 பாகை காட்ட வேண்டும். ஒன்று 0 காட்டும், பக்கத்திலிருப்பது 2 காட்டும். இது சாதாரணம். தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் போட்டு, 'மூன்றாம் எண், 2 கூடுதல்' என்று எழுதி வையுங்கள். இதைப் பிள்ளைகளையே செய்ய விட்டால் இன்னும் நல்லது, கருவியும் பொய் சொல்லும் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கொதிதண்ணியில் 100 பார்ப்பதைப் பெரியவர்கள் செய்யுங்கள். நம் பக்கம் தாழ்நிலம் என்பதால் அந்த 100-ஐ நம்பலாம். கேமரன் மலையில், 1,500 மீட்டர் உயரத்தில், தண்ணீர் சுமார் 95-லேயே கொதித்துவிடும்.

கெட்டில் உங்கள் கையில் மட்டும். 60 பாகைத் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும், அதனால் பிள்ளைகள் கையாளும் தண்ணீர் 50-ஐ ஒட்டி இருக்கட்டும். ஒரு பங்கு கொதிதண்ணிக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அங்கே வந்து நிற்கும். மீறிப் பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப் எதையும் பூசக் கூடாது, எந்தப் பாட்டி சொன்னாலும்.

முதல் சோதனை: ஆற்றுதல்

கேள்வி தெருவோர ஒட்டுக்கடையிலிருந்தே வரட்டும். தண்ணி கலக்குபவர் இரண்டு குவளைகளுக்கு நடுவில் தேயை இழுத்து இழுத்து ஊற்றித் தே தாரிக் போடுகிறாரே, அதனால் தே நிஜமாகவே ஆறுகிறதா, நுரை மட்டும்தான் வருகிறதா? ஐந்து முறை ஆற்றினால் எவ்வளவு இறங்கும், பத்து முறை ஆற்றினால் எவ்வளவு இறங்கும்?

எல்லாக் கேள்வியும் இப்படித் தோதாக அமையாது. ஊலு சிலிம் சுடுநீர் ஊற்றில் முட்டை அவிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதைச் சோதிக்கலாம் என்பார்கள். நல்ல கேள்விதான், ஆனால் ஊற்று நம் சொல்பேச்சுக் கேட்காது. எதை நாம் மாற்றலாம், எதை மாறாமல் பிடித்து வைக்கலாம் என்று பார்த்துக் கேள்வியை எடுங்கள்.

பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஆளுக்கொரு தாள் கொடுத்துத் திட்டம் எழுதச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம். அதில் நீங்கள் பேசக் கூடாது. எனக்கு இன்றைக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போகிறது. திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும்: ஒரு குவளையைப் பத்து முறை ஆற்றுவோம், இன்னொன்றைச் சும்மா வைப்போம், இரண்டையும் அளப்போம். சரி, தேயிலையும் பாலும் வேண்டாம், வெறும் சுடுதண்ணியில் செய்யுங்கள் என்று விட்டுவிடுங்கள். பேசினுக்கு மேலே, முழங்கை நீளத்துக்கு மேல் உயர்த்தாமல்.

நான் முதன்முதலில் செய்த அன்று நடந்தது இது. நெட்டையாக ஒருத்தன் நின்றுகொண்டு ஊற்றினான், பாதித் தண்ணீர் பேசினில். பக்கத்துக் குழுவில் ஒரு பெண் உட்கார்ந்தபடி, குவளையோடு குவளை ஒட்டி ஊற்றினாள். ஒருவர் குவளை விளிம்பு வரை, இன்னொருவருடையது அரைக் குவளை. எண்களை வெள்ளைப் பலகையில் எழுதினோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அந்தப் பெண்தான் முதலில் பொங்கினாள்.

"டீச்சர், அவன் நின்னுகிட்டு ஊத்துறான், நான் உட்கார்ந்துகிட்டு ஊத்துறேன். இது அழுகுணி ஆட்டம் லா!"

அந்தச் சொல் வந்ததும் பாடம் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுகுணி ஆட்டம் எது என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கோலி ஆட்டத்தில் கோட்டைத் தாண்டி நின்றால் சண்டை போடுகிற அதே மூளைதான் இதற்கும். 'இதில் வேறென்ன அழுகுணி ஆட்டம் நடந்தது?' என்று கேட்டு, சொல்வதையெல்லாம் பலகையில் எழுதுங்கள். தண்ணீர் அளவு, உயரம், சிந்தியது, குவளை வேறு வேறு, ஆரம்பச் சூடு. அன்றைக்கு நானே கவனிக்காமல் விட்டது ஒன்று: ஒரு மேசை நேராக மின்விசிறிக்குக் கீழே இருந்தது.

பிறகு, அவர்கள் சொல்லாத இரண்டை நீங்கள் கிளறிவிடலாம்.

ஒன்று நேரம். பத்து முறை ஆற்ற ஒரு நிமிடத்துக்குக் கிட்ட ஆகிறது, ஐந்து முறைக்கு அதில் பாதி. சும்மா வைத்த குவளையை எப்போது அளந்தீர்கள்? ஊற்றியவுடனேவா? அப்படியானால் ஆறியது ஆற்றியதாலா, நேரம் போனதாலா? யோசித்து அவர்களே வழி சொல்வார்கள்: எத்தனை முறை ஆற்றினாலும், ஆற்றாமலே இருந்தாலும், தண்ணீர் ஊற்றிச் சரியாக 2 நிமிடத்தில்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்றை எனக்கே ஒரு படிவம் 1 மாணவிதான் காட்டிக் கொடுத்தாள். ஆற்றுவதற்கு இரண்டு குவளை வேண்டும். இரண்டாவது குவளை குளிர்ந்த குவளை. தண்ணீரின் வெப்பத்தில் கொஞ்சம் அந்தக் குவளையைச் சூடாக்கவே போய்விடும். சும்மா வைத்த தண்ணீரோ இரண்டாவது குவளையைப் பார்த்ததே இல்லை. அப்போ, ஆற்றாத தண்ணீரையும் குவளையோடு குவளை ஒட்டி, உயரமே இல்லாமல், அதே பத்து முறை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். இப்போது இரண்டுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் உயரம். கேள்வி தானாகவே கூர்மையாகிவிட்டது பாருங்கள்: இறக்குவது ஊற்றும் எண்ணிக்கையா, உயரமா?

காரணம் கேட்பார்கள். உயரத்திலிருந்து மெல்லிசாக விழும்போது தண்ணீரின் நிறையப் பரப்பு காற்றில் படுகிறது, ஆவியாவது கூடுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு குவளை, அதாவது 200 கிராம் தண்ணீரை, சுமார் 3 பாகை இறக்க அது போதும். ஒட்டுக்கடைக்காரர் கையில் இருப்பது வெறும் வித்தை இல்லை.

பெயர் வைப்பது பிறகு

பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மூன்று வரும். இதை முதல் நாளே பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தால் பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும், சோதனை வடிவமைக்க வராது. ஓட்டை எல்லாம் கண்டுபிடித்து முடித்த பிறகு சொல்லுங்கள். நாம் வேண்டுமென்றே மாற்றியது, ஆற்றும் உயரம்: தற்சார்பு மாறி. அதனால் மாறியதா என்று அளந்தது, வெப்பநிலை: சார்பு மாறி. அழுகுணி ஆட்டம் என்று பலகையில் எழுதினோமே அந்த நீளமான பட்டியல்: கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். படிவம் 1-க்குப் போனால் இதே மூன்றும் மலாயில் பெம்போலே உபா டிமானிபுலாசிக்கான், பெர்கெராக் பாலாஸ், டிமாலார்க்கான் என்று வரும். புது மொழி, பழைய விஷயம் என்று அப்போதே சொல்லி வைத்தால் ஜனவரி பயம் பாதி குறையும்.

அளப்பதில் நடக்கும் திருட்டுகள்

வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிப்பது. அடியில் இடிக்க விடுவது. விட்ட உடனே படிப்பது. கலக்காமல் படிப்பது. இந்த நான்கும் எல்லா வகுப்பிலும் நடக்கும். தண்ணீரில் வைத்தபடியே, குனிந்து, கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். எந்த ஆழத்தில் குமிழ் இருக்க வேண்டும் என்று ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு அடையாளம் வைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும்.

ஆழமெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். 1963-இல் தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன், ஐஸ்கிரீம் செய்யும்போது சூடான பால் ஆறிய பாலுக்கு முன்னால் உறைந்ததைப் பார்த்தான். வகுப்பில் சொன்னபோது கேலி செய்தார்கள். அவன் விடவில்லை. இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடமே கேட்டான், 1969-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அதிலிருந்து உலகம் முழுக்க ஆளாளுக்குச் சோதித்து, ஆளாளுக்கு ஒரு முடிவு. 2016-இல் இரண்டு ஆய்வாளர்கள் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்து, அப்படி ஒரு விளைவுக்குத் தங்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். வெப்பமானியின் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே சூடான தண்ணீர் முந்துவது போலத் தெரியலாம் என்றும் காட்டினார்கள். ஒரு சென்டிமீட்டர்! எம்பெம்பா கேட்டது நல்ல கேள்வி, கேலி செய்தவர்கள் செய்தது தப்பு என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

ஆரம்பச் சூடு ஒன்றாக இருக்கட்டும்

வெப்பச் சோதனையில் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. தண்ணீர் அளவைச் சரிபார்ப்பார்கள், ஆரம்ப வெப்பநிலையை 'ஏறக்குறைய' என்று விட்டுவிடுவார்கள். எவ்வளவு இறங்கியது என்று கழித்துப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். போதாது.

அறையின் வெப்பநிலை 30 என்று வையுங்கள். ஒரு குவளை 55-லிருந்து 45-க்கு இறங்கியது, 10 பாகை. இன்னொரு குவளை அதே நேரத்தில் 50-லிருந்து 42-க்கு இறங்கியது, 8 பாகை. முதல் குவளைதான் சீக்கிரம் ஆற்றுகிறது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அறையைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள்: முதலாவது 25-லிருந்து 15, இரண்டாவது 20-லிருந்து 12. இரண்டும் தன் கூடுதலில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி குவளையாகவே இருக்கலாம். சுற்றியிருப்பதைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஆறும் என்பதை நியூட்டன் 1701-இல், தன் பெயரைக்கூடப் போடாமல், எழுதி வைத்தார். பிள்ளைகளுக்குச் சூத்திரம் வேண்டாம். ஒரே பாத்திரத்தில் கலந்த தண்ணீரை எல்லாக் குவளைக்கும் ஊற்றுங்கள், சிக்கல் தீர்ந்தது. அறை வெப்பநிலையையும் தாளின் மூலையில் எழுத வையுங்கள்.

மூன்று முறை

ஒருமுறை செய்து முடிவு எழுதுவதைப் பிள்ளைகள் விரும்புவார்கள், நமக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஆனாலும் மூன்று முறை செய்ய வையுங்கள். சராசரி எடுக்க மட்டும் இல்லை. ஒரே குவளை, ஒரே செய்முறை, மூன்று தடவையில் 43, 45, 44 என்று வந்தால், ஒன்றும் மாற்றாமலே 2 பாகை ஆடுகிறது என்று அர்த்தம். அப்போது இரண்டு குவளைகளுக்கு நடுவில் 1 பாகை வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று குதிக்க முடியாது. நேரம் இல்லையென்றால் நான்கு குழுக்களும் ஒரே திட்டத்தைச் செய்து எண்களைப் பலகையில் ஒன்றாகப் போடட்டும். ஒத்துவராத எண்ணை அழிக்க மட்டும் விடாதீர்கள். அதற்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். 'தம்பி குவளையைத் தட்டிவிட்டான்' என்பதும் தரவுதான்.

வெயில் இருக்கும் நாளில்

ஒரு மைலோ டின்னுக்குக் கறுப்புச் சாயம், இன்னொன்றுக்கு வெள்ளை. ஒரே அளவு தண்ணீர், ஒரே மூடி, வெயிலில் வையுங்கள். காலை பத்து மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள், மூன்று மணி மழையை நம்ப முடியாது. ஒரே வெப்பமானி வைத்துக்கொண்டு இன்றைக்குக் கறுப்பு, நாளைக்கு வெள்ளை என்று செய்தால் மேகம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேகம் வந்தாலும் இரண்டுக்கும் வரும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் பல நிறத் துணித் துண்டுகளை வெயில் நாளில் பனிமேல் போட்டு, எது ஆழமாக அமிழ்கிறது என்று பார்த்ததும் இப்படித்தான்: ஒரே பனி, ஒரே வெயில், ஒரே நேரம். கறுப்புத்தான் அதிகம் அமிழ்ந்தது. பாதி நேரம் போனதும் டின்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள், சுவரோரம் இருப்பது எப்போதும் கொஞ்சம் சலுகை பெறும்.

வீட்டுக்கு ஒரு ரப்பர் வளையம்

வகுப்பு முடிந்து போகும்போது ஆளுக்கொரு அகலமான ரப்பர் வளையம் கொடுத்து அனுப்புங்கள். தாத்தா பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஊர்ப் பிள்ளைகள், இது அவர்கள் சொத்து. மேலுதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தால் வளையம் வெதுவெதுப்பாகும். இழுத்தபடி கொஞ்சம் பொறுத்து, சட்டென்று தளர்த்தினால் குளிரும். ஜான் காஃப் என்ற பார்வையற்ற ஆங்கிலேயர் 1805-இல் உதட்டில் வைத்துத்தான் இதை எழுதினார்.

ஆனால் உதடு வெப்பமானி இல்லை. அடுத்த வாரத்துக்கு இப்படி ஒரு வேலை கொடுக்கலாம்: வளையத்தை ஆணியில் மாட்டி, கீழே ஒரு எடை தொங்கவிட்டு, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, முடி காயவைக்கும் கருவியால் சூடாக்கினால் எடை கீழே இறங்குமா, மேலே ஏறுமா? எவ்வளவு தூரத்திலிருந்து ஊதுவது, எத்தனை நொடி, வளையம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்ததா, காற்றே எடையைத் தூக்கிவிடுமா என்றெல்லாம் திட்டத்தில் எழுதி வரட்டும். சூடானால் எல்லாம் நீளும் என்று படித்த பிள்ளைகள் இறங்கும் என்பார்கள். ஏறும். ஊதுவதற்கு முன்னால் எல்லோருடைய முன்அனுமானத்தையும் பெயரோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அத்தனை பேரும் "நான் அப்பவே சொன்னேன் லா டீச்சர்" என்பார்கள்.